பழைய வண்டிக்கு முதற்செலவு

பிறர் கைமாறி வந்த வண்டியொன்றை வாங்குபவன் அதனுடன் சேர்த்து ஒரு வினாவையும் வாங்குகின்றான். கையில் எஞ்சியிருக்கும் சிறு தொகையைக் கொண்டு அவ்வண்டியில் எதனை முதலில் மாற்றுவது என்பதே அவ்வினா. புதுவண்டி வாங்குபவனுக்கு இத்தொல்லை இல்லை. அவனுடைய வண்டியின் உறுப்புகள் யாவும் ஒரே வயதின. பழைய வண்டியிலோ ஒவ்வோர் உறுப்பும் வெவ்வேறு வயதினதாய், தன்னையே முதலில் கவனிக்குமாறு கேட்டு நிற்கின்றது. எதற்குச் செவிசாய்ப்பது என்பது பொறியியல் பற்றிய வினாப்போலத் தோன்றினும், உண்மையில் அவ்வண்டி யாருக்கு, எதற்கு என்னும் வினாவே ஆகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே துவிச்சக்கரவண்டி வெறும் ஊர்தியன்று. குன்றுகளற்ற சமதரையான இந்நிலம் சைக்கிளுக்கென்றே அமைந்தது எனலாம். 1990களில் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் நோயாளரையும் விறகையும் நெல்மூட்டையையும் சுமந்தது அதுவே. மின்சாரம் இல்லாத வீடுகளில் வண்டியைத் தாங்கியில் நிறுத்திப் பெடலை மிதித்து, டைனமோ தந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறையினர் இன்றும் உளர். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில், மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் பெற்றோல் என்று பங்கீடு செய்யப்பட்டபோது, கொட்டில்களில் கிடந்த பழைய சைக்கிள்கள் மீண்டும் தூசு தட்டப்பட்டன. பழையதைத் திருத்தி ஓட்டுதல் இவ்வூரவர்க்குப் பொழுதுபோக்காக வந்த வழக்கமன்று. தேவையாக வந்த கல்வி.

அரியாலையைச் சேர்ந்த கலைப்பீட மாணவன் ஒருவன் அண்மையில் வாங்கிய வண்டி இவ்வினாவை நன்கு விளக்குகின்றது. யப்பானிலிருந்து பாவித்த நிலையில் இறக்குமதியாகும் சைக்கிள்களுள் ஒன்று அது. இருபத்தாறு அங்குலச் சக்கரம், முன்னே மூன்று பற்சில்லு, பின்னே ஆறு, தடித்த இரும்புச் சட்டம். மலைவழிக்கென வடிவமைக்கப்பட்டு, மலையே இல்லாத நாட்டுக்கு வந்து சேர்ந்தது. மகாபொல புலமைப்பரிசிற் பணத்தையும், சிறுவர்க்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்துச் சேர்த்ததையும் கூட்டி அதனை வாங்கியிருந்தான். அவன் மனத்திலிருந்தது ட்ரயல்ஸ் என்னும் விளையாட்டு. காலைத் தரையில் ஊன்றாமல் கல்லின்மீதும் மரக்குற்றியின்மீதும் வண்டியை ஏற்றி இறக்கும் அவ்விளையாட்டின் காட்சிகளைக் கைத்தொலைபேசியிற் கண்டு அதில் மனம் பறிகொடுத்தவன் அவன்.

இவ்விளையாட்டின் வரலாறு சுவையானது. இது முதலில் மோட்டார் சைக்கிளுக்கு உரியதாகவே இருந்தது. 1909இல் தொடங்கிய ஸ்கொட்லாந்தின் ஆறுநாட் போட்டி இவ்வகையிற் புகழ்பெற்றது. இங்கு வேகத்திற்கு மதிப்பில்லை. தடையொன்றைக் கடக்கும்போது ஒருமுறை கால் ஊன்றினால் ஒரு புள்ளி, இருமுறை ஊன்றினால் இரண்டு, அதற்கு மேல் மூன்று, தடையைக் கடக்கத் தவறினால் ஐந்து. குறைந்த புள்ளி பெற்றவரே வென்றவர். சாமி மில்லர் என்னும் வீரர் கனத்த பிரித்தானிய வண்டியை விட்டு, எடை குறைந்த ஸ்பானிய வண்டியான புல்ராக்கோவில் ஏறி 1965இல் அப்போட்டியை வென்றபோது, கனமான வண்டிகளின் காலம் முடிவுக்கு வரத் தொடங்கிற்று. பின்னர் 1970களில், கற்றலோனியாவிலே மோட்டார் சைக்கிள் துறையைச் சேர்ந்த பேரே பி என்பவர் தம் மகன் ஓட் பிக்காகச் சிறு சைக்கிள் ஒன்றினை அமைத்துக் கொடுத்ததிலிருந்து சைக்கிள் ட்ரயல்ஸ் வளர்ந்தது. 1986 முதல் சர்வதேசச் சைக்கிள் ஒன்றியத்தின் உலகப் போட்டியும் நடைபெறலாயிற்று. இவ்விளையாட்டின் உயிர்நிலை பாய்ச்சலில் இல்லை, நிற்பதில் இருக்கின்றது. ஓடாத வண்டியின்மேல் விழாமல் நிற்கத் தெரிந்தவனே அடுத்த அடியை எடுக்கக்கூடியவன்.

ஆயினும் அம்மாணவன் முதலில் எழுதிய பட்டியலில் நிற்பதற்குரிய பொருள் ஒன்றேனும் இருக்கவில்லை. அதிர்வு தாங்கும் முன்போக், அகன்ற ஹாண்டில், பற்கள் கொண்ட உலோகப் பெடல், வட்டத்தகட்டுப் பிறேக் என அது நீண்டது. கண்ணிற் பட்டவையே பட்டியலில் ஏறியிருந்தன. எடையைக் குறைக்க வேண்டும் என்பதற்காக மட்கார்ட்டையும் பின்கரியரையும் கழற்றி வீட்டுக் கோடியில் வைத்ததே அவன் செய்த முதல் வேலை.

கரியர் கழன்ற அன்று மாலையே வீட்டில் வழக்குத் தொடங்கிற்று. அவ்வீட்டின் ஒரே வண்டி அதுவே. காலையில் அதில் அவன் திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழகத்துக்குப் போவான். மாலையில் உயர்தரம் படிக்கும் தங்கை தனியார் வகுப்புக்குக் கொண்டுபோவாள். அவள் திரும்பி வருகையில் இருட்டிவிடும். வரும் வழி கண்டி வீதி. கொழும்புப் பேருந்துகளும் பாரவூர்திகளும் விரையும் ஏ9 நெடுஞ்சாலை.

"அண்ணா, கொப்பிப் பையை நான் தோளிலை கொழுவலாம். ஆனால் பிறேக் பிடிச்சா வண்டி நிக்குதில்லை. அதையாவது பாருங்கோவன்" என்றாள் அவள்.

தாய் விளையாட்டைத் தடுக்கவில்லை. "உன்ரை காசு, நீ விரும்பினதைச் செய். ஆனால் அவள் வந்து படலை திறக்கிற சத்தம் கேக்கும்வரைக்கும் எனக்கு வேலை ஓடாது" என்று மட்டும் சொன்னார்.

பட்டியல் கிழிக்கப்படவில்லை. எனினும் அதனுடன் அவன் சைக்கிள் திருத்தும் பெரியவர் ஒருவரிடம் சென்றான். பெற்றோலைச் சில துளி விட்டு இயந்திரத்தை முடுக்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டிய காலத்திலும், ரியூபுக்கு ஒட்டின்மேல் ஒட்டுப் போட்ட காலத்திலும் தொழில் செய்தவர் அவர். பட்டியலை வாசிக்காமலே வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

முதலிற் சட்டத்தைப் பார்த்தார். ஹாண்டில் தண்டு செருகும் தலைக்குழாயின் கீழ்ப்புறத்தை, வர்ணத்தில் மயிரிழை வெடிப்பு உண்டோ என நகத்தால் தடவினார். உயரத்திலிருந்து இறங்கும் வண்டி முறிவதாயின் அவ்விடத்தில் முறிவதே பெரும்பான்மை. அங்கே வெடிப்பு இருந்திருப்பின் எப்பொருளும் வாங்குவதிற் பயனில்லை. நல்வாய்ப்பாக, துருவின்றி வேறொன்றும் இல்லை.

அடுத்து அடிமட்டத்தால் செயினை அளந்தார். செயினின் ஒரு முழுக் கண்ணி சரியாக ஓரங்குலம். பன்னிரண்டு கண்ணிகள் பன்னிரண்டு அங்குலத்தில் முடிதல் வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றினாற் போதும்; எட்டில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் அது பற்சில்லையும் தின்றிருக்கும். அவ்வண்டியின் செயின் முதலாவது எல்லையைத் தொட்டு நின்றது. காலம் தாழ்த்தினால் செலவு இருமடங்காகும் என்பதற்கு அந்த அடிமட்டமே சான்றாயிற்று.

பின்னர் பிறேக்கைப் பிடித்துப் பார்த்தார். கடல்நீரேரியின் உப்புக் காற்றில் கம்பி குழாயினுள்ளே துருவேறி இறுகியிருந்தது. கட்டைகளின் இறப்பர் கல்லாய் உறைந்திருந்தது. போதாக்குறைக்குச் சக்கரத்தின் றிம் முலாம் பூசிய இரும்பு. நனைந்த இரும்பு றிம்மில் இறப்பர்க் கட்டை வழுக்கும். அலுமினிய றிம்மில் அவ்வளவுக்கு வழுக்காது. கார்த்திகை மழையில் கண்டி வீதியில் வரும் ஒருவருக்கு இவ்வேறுபாடு மிகப் பெரியது.

"ஓடுறது எந்தச் சைக்கிளும் ஓடும் தம்பி. நிக்கவேண்டிய இடத்திலை நிக்குதோ எண்டு பாரும். பாயிறதைப் பிறகு பாப்பம்" என்றார்.

அவன் தன் பட்டியலை எடுத்துக் காட்டினான். அதிர்வு தாங்கும் போக்கைப் பற்றி அவர் கேட்ட கேள்வி ஒன்றே: "நீர் பாக்கிற அந்தப் பெடியளின்ரை சைக்கிளிலை இது இருக்கோ?" அவன் தொலைபேசியைத் திறந்து மீண்டும் பார்த்தான். இருக்கவில்லை. ட்ரயல்ஸ் சைக்கிளின் முன்போக் விறைப்பானது. அமுங்கும் போக், ஓட்டுநன் வண்டியைத் துள்ளச் செய்யக் கொடுக்கும் விசையை விழுங்கிவிடும். மலிவான போக்கோ எடையையும் கூட்டும். பலமுறை கண்ட காட்சியிலே, இல்லாத ஒன்றை இருப்பதாக அவன் ஆசை காட்டியிருந்தது.

பற்சில்லுப் பற்றிய ஆசையும் இவ்வாறே தீர்ந்தது. சிறப்பு ட்ரயல்ஸ் வண்டிகளில் முன்னே பதினெட்டுப் பல்லும் பின்னே பதினைந்தும் இருத்தல் வழக்கம். பெடல் ஒருமுறை சுற்றச் சக்கரம் ஒன்றேகால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். இவன் வண்டியில் முன்னே மிகச் சிறிய சில்லுக்கு இருபத்தெட்டுப் பற்கள். பின்னே இருபத்துநான்கு பற்கொண்ட சில்லும் உண்டு. கணக்கிட்டுப் பார்க்கின் விகிதம் ஏறத்தாழ ஒன்றே. வாங்க எண்ணியது வண்டியில் ஏற்கனவே இருந்தது. சமதரையில் எவருக்கும் தேவைப்படாமையால் அழுக்கேறிக் கிடந்தது.

எஞ்சிய போட்டி பிறேக்குக்கும் ரயருக்கும் இடையிலானது. இங்கு அரியாலையின் நிலம் தன் பங்குக்கு வாதிட்டது. வீதியோரம் தார், கிழக்கே நாவலடிப் பக்கம் போகப் போக மணல், இடையிடையே சுண்ணக்கல். மணலிற் புதையாதிருக்க ரயர் அகலமாகவும் காற்றுக் குறைவாகவும் இருத்தல் நன்று. கல்லிலும் அவ்வாறே, காற்றுக் குறைந்த ரயர் கல்லைத் தழுவிப் பிடிக்கும். ஆனால் காற்று மிகக் குறைந்தால், கல்லின் விளிம்புக்கும் றிம்முக்கும் இடையில் ரியூப் நசிந்து, பாம்பு கடித்தாற்போல இரு துளைகள் அருகருகே விழும். தார்வீதியிலோ அதே ரயர் கால்களை இழுத்துப் பிடிக்கும். மாணவன் ஞாயிறன்று விரும்பும் காற்று வேறு. தங்கை திங்களன்று விரும்பும் காற்று வேறு. நெருஞ்சி முள்ளோ இருவர் விருப்பத்தையும் பொருட்படுத்தாது. ஆதலின் அகலம் சற்றுக் கூடிய, அடித்தளம் தடித்த ரயர் ஒன்றைப் பின்சக்கரத்துக்கு மட்டும் போட்டு, காற்றடிக்கும் பம்ப் ஒன்றை வீட்டில் வைத்திருத்தலே பொருத்தம் என்பது பெரியவர் கருத்து. உடலின் பாரம் பெரிதும் விழுவது பின்சக்கரத்தில். முன் ரயருக்கு இன்னும் ஒரு வருட ஆயுள் இருந்தது.

இறுதியிற் பட்டியல் இவ்வாறு மாறிற்று: முன்பின் பிறேக் கம்பிகளும் கட்டைகளும், செயின், பின் ரயர், பம்ப், பின்புறச் சிவப்பு விளக்கு. அலுமினிய றிம் அடுத்த தவணைக்கு. பிறேக் வகையை மாற்றும் எண்ணத்தையும் பெரியவர் தடுத்துவிட்டார். புதுவகைப் பிறேக்குக்குக் கம்பியைக் கூடுதலாக இழுக்கும் கைப்பிடியும் வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் இருப்பதும் கெடும். வாங்கும் பொருள் ஒன்றானாலும் அது தன் துணையையும் கேட்கும் என்பதைப் பழைய வண்டிக்காரர் பலர் செலவழித்த பின்பே அறிகின்றனர்.

கரியர் விடயத்தில் உடன்பாடு காணச் சில நாட்கள் சென்றன. முடிவில் அது மீண்டும் ஏறிற்று. ஆயின் துருப்பிடித்த பழைய ஆணிகளுக்குப் பதிலாக, கையாலேயே திருகக்கூடிய செட்டை நட்டுகள் போடப்பட்டன. ஞாயிறு காலையில் அவன் அதனைக் கழற்றுவான். மாலையில் தங்கையே திரும்பப் பூட்டுவாள். இருக்கையின் கீழ்த் திருகாணிக்குப் பதிலாகக் கைப்பிடி ஒன்று வந்தது. விளையாட்டுக்கு இருக்கை தாழும், வகுப்புக்கு உயரும். மாற்றங்கள் யாவற்றுள்ளும் மலிவான இவ்விரண்டுமே வீட்டில் மிகுதியாகப் பாராட்டப்பட்டன.

இப்பொழுது ஞாயிறுகளில் வளவிலே விழுந்து கிடக்கும் பனங்குற்றியின் முன்னால், இரு பிறேக்கையும் இறுகப் பிடித்து, முன்சக்கரத்தைச் சற்றுத் திருப்பி, பெடல்மேல் எழுந்து நின்று அவன் பழகுகின்றான். தொடக்கத்தில் இரண்டு நொடியில் கால் நிலத்தைத் தொட்டது. இப்போது தங்கை இருபது வரை எண்ண முடிகின்றது. குற்றியின்மேல் இன்னும் ஏறவில்லை. பழைய பிறேக்குடன் இப்பயிற்சியைத் தொடங்கியே இருக்க முடியாது என்பதை அவன் பின்னரே உணர்ந்தான். தங்கையின் பாதுகாப்புக்காக விட்டுக்கொடுத்ததாக அவன் எண்ணிய செலவே விளையாட்டின் முதற்படிக்கும் வேண்டியிருந்தது. இரு தேவைகளும் எப்பொழுதும் இவ்வாறு ஒன்றுபடும் என்று சொல்வதற்கில்லை. அகன்ற ஹாண்டிலும் அலுமினிய றிம்மும் அடுத்த தவணைப் பணத்துக்காகக் காத்திருக்கின்றன; ஒன்று அவனுக்கு, மற்றையது மழைக்காலத்துக்கு. மாரி தொடங்குமுன் அவன் தீர்மானித்தாக வேண்டும்.