பொலிவியாவின் மரணச் சாலை

பொலிவியாவில் லா பாஸ் நகருக்கு மேலே, சுமார் 4,700 மீட்டர் உயரத்தில், லா கும்ப்ரே கணவாய். அங்கிருந்து யுங்காஸ் பக்கம் சைக்கிளில் இறங்கினோம். முதலில் தார்ச்சாலை, பிறகு 1930-களில் பராகுவே போர்க்கைதிகளை வைத்து வெட்டிய மண் சாலை.

அந்த நாட்டில் வண்டிகள் வலப்பக்கம் போகும். இந்தச் சாலையில் மட்டும் நம்மூர் போல இடப்பக்கம். இறங்குகிறவர் பள்ளத்தின் ஓரமாகப் போகவேண்டும். ஓட்டுநர் இருக்கை இடப்புறம் என்பதால், சக்கரம் விளிம்பில் எங்கே இருக்கிறதென்று எட்டிப் பார்க்கலாமாம். லாரிக்கு நல்ல யோசனைதான்! சைக்கிளுக்கும் அதே விதி.

62 வயதில் இது தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். பிரேக் பிடித்து விரல்கள் மரத்தபோது நானும் கேட்டுக்கொண்டேன்.

வழி நெடுகச் சிலுவைகள். ஒன்றின் அடியில் வாடாத பூ. அங்கே இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். வழிகாட்டிப் பையனும் பேசாமல் இறங்கிக்கொண்டான்.