காரின் மூளையில் கை வைக்கலாமா?

முப்பத்தைந்து வருஷம் ஒண்ணாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் நடத்திய டீச்சர் காரைப் பற்றி எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். 1991ல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மா காலத்தில், ஊர் ஊராகப் பெண்கள் சைக்கிள் பழகினோமே, அதில் நானும் ஒருத்தி. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு செயின் மாட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து, எந்த வண்டியைப் பார்த்தாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது.

என் தம்பி மகன் மஞ்சள் போர்டு வண்டி ஓட்டுகிறான். பழைய டீசல் கார், இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியது. லோன் இன்னும் பதினான்கு மாதம் பாக்கி. அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து பழனி, கொடைக்கானல், வேளாங்கண்ணி என்று சவாரி போவான். இரண்டு மாதம் முன்பு வந்து, “அத்தை, ஒரு 18,000 ரூபாய் வேண்டும், வண்டியை ரீமேப் பண்ணப் போகிறேன்” என்றான். ரீமேப் என்றால் என்னடா என்றேன். “வண்டியோட கம்ப்யூட்டர்ல புரோகிராமை மாத்துறது அத்தை. இழுவை கூடும், மைலேஜும் கூடும்.” வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது ஏசியை நிறுத்தச் சொல்லிச் சவாரிக்காரர்களிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறதாம்.

பணம் கொடுப்பது ஒரு பக்கம். எதற்கென்று தெரியாமல் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. இதைச் செய்து தரப் போகிறவன் யார் என்று விசாரித்தால், என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன்! திருச்சியில் பாலிடெக்னிக் முடித்து, கோயம்புத்தூரில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது புதுக்கோட்டையில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். நேரே போய்விட்டேன்.

அவன் காட்டிய கருவி பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ அளவுதான். சின்னத் திரை, நாலைந்து பொத்தான், ஒரு நீள வயர். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, பதினாறு பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கிறது. அமெரிக்காவில் 1996லிருந்து எல்லாக் கார்களிலும் கட்டாயம் ஆனது. நம் நாட்டிலும் பி.எஸ். 4 காலத்தில் வந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் கோளாறு பார்க்கச் சொருகுவது இதில்தான். அதே வழியாக உள்ளே போய் எழுதவும் முடியும் என்பதுதான் விஷயம்.

உள்ளே என்ன எழுதியிருக்கிறது? வாய்ப்பாடுதான். விளையாட்டாகச் சொல்லவில்லை. மேலே ஒரு வரிசையில் எஞ்சின் சுற்று வேகம், பக்கவாட்டில் எவ்வளவு காற்று வருகிறது, எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்ற கணக்கு. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண்: இத்தனை மில்லிகிராம் டீசல் பீய்ச்சு. இப்படி ஒரு வாய்ப்பாடு அல்ல, நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. டர்போ எவ்வளவு காற்றை அமுக்க வேண்டும், டீசல் குழாயில் எவ்வளவு அழுத்தம் இருக்க வேண்டும், கியர்பாக்ஸ் தாங்குகிற இழுவை எவ்வளவு, கரும்புகை வராமலிருக்க எந்த அளவோடு நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அந்த டீசல் குழாயின் அழுத்தம் இந்தக் காலத்து எஞ்சின்களில் 1,600 பாரைத் தாண்டியும் போகும். கார் டயரில் நாம் அடிக்கிற காற்று சுமார் 2 பார். ஒப்பிட்டுப் பாருங்கள்.

கருவி முதலில் பழைய வாய்ப்பாடு முழுவதையும் படித்துச் சேமித்துக்கொள்ளும். பிறகு திருத்திய வாய்ப்பாட்டை எழுதும். மார்க் ரிஜிஸ்டரில் ஒரு மார்க்கைத் திருத்தினால் கீழே கூட்டுத்தொகையையும் திருத்த வேண்டும் இல்லையா, அதேபோல இதிலும் கடைசியில் ஒரு கூட்டுக் கணக்கு உண்டு. அது பொருந்தாவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. எழுதும் நேரத்தில் பேட்டரி இறங்கிவிட்டாலும், யாராவது சாவியைத் திருப்பிவிட்டாலும் கம்ப்யூட்டர் பாதி எழுதிய சிலேட்டாக நின்றுபோகும். அதனால் பேட்டரிக்கு ஒரு சார்ஜரை மாட்டி வைத்துவிட்டுத்தான் தொடவே செய்வானாம். அந்தப் பொறுப்பு எனக்குப் பிடித்திருந்தது.

கம்பெனிக்காரன் ஏன் முதலிலேயே கூடுதல் சக்தியைக் கொடுக்கவில்லை என்று கேட்டேன். கம்பெனி ஒரே வாய்ப்பாட்டை ராஜஸ்தான் வெயிலுக்கும் லடாக் குளிருக்கும், நல்ல டீசலுக்கும் கலப்பட டீசலுக்கும், ஒழுங்காக ஆயில் மாற்றுகிறவனுக்கும் மாற்றாதவனுக்கும் சேர்த்து எழுதுகிறது. கொஞ்சம் இடம் விட்டுத்தான் எழுதும். அந்த இடத்தைத்தான் இவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் நம் ஊரில் ஸ்விஃப்டில் 75 குதிரைத்திறனோடு ஓடியது. அதே எஞ்சின் எர்டிகாவில் 90. “பார்த்தீங்களா டீச்சர், உள்ளேயே ஒளிஞ்சிருக்கு” என்று சொல்லிவிட்டு அவனே திருத்திக்கொண்டான்: 90க்கு டர்போவே வேறு வகை, வெறும் எண்ணை மாற்றியதால் வந்ததல்ல. இந்த இரண்டாவது பாதியைப் பலர் சொல்வதில்லை.

இந்த இடத்தில் ஒரு பெரிய கதையைச் சொல்ல வேண்டும். கார் மூளையில் கை வைத்தவர்களில் உலகத்திலேயே பெரிய ஆள் பட்டறைக்காரன் அல்ல, கம்பெனிதான். ஃபோக்ஸ்வேகன் தன் டீசல் கார்களின் கம்ப்யூட்டரில் ஒரு தந்திரம் எழுதி வைத்திருந்தது. ஸ்டியரிங் திரும்பாமல் சக்கரம் மட்டும் சுற்றினால், “ஓகோ, சோதனைக்கூடம்” என்று புரிந்துகொண்டு புகையைச் சுத்தமாக விடும். ரோட்டில் இறங்கினால் பழைய குணம். எங்கள் காலத்தில் இன்ஸ்பெக்‌ஷன் வந்தால், பதில் தெரிந்தவன் வலது கையைத் தூக்கு, தெரியாதவன் இடது கையைத் தூக்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பார்கள் என்று ஆசிரியர்கள் மத்தியில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. அசல் அதேதான்.

அதைக் கண்டுபிடித்தது அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சின்னக் குழு. அதில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்த அரவிந்த் திருவேங்கடம். டிக்கியில் அளவுக் கருவிகளையும் ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டு கலிபோர்னியா ரோடுகளில் ஓட்டினார்கள். ஒரு காரை லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு காரில் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைவிட 15 முதல் 35 மடங்கு. அவர்கள் யாரையும் பிடிக்கப் போகவில்லை, அளக்கத்தான் போனார்கள். 2014ல் அறிக்கை வந்தது. 2015 செப்டம்பரில் உலகத்துக்கே தெரிந்தது. சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். இந்தியாவில் மட்டும் 3,23,700 கார்களைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றுவதாக அந்த வருஷம் டிசம்பரில் அறிவித்தார்கள். 2019 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்து, விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. கவனித்தீர்களா, தப்பும் அதே வாய்ப்பாட்டில்தான் நடந்தது, பல கார்களில் திருத்தமும் அதே வாய்ப்பாட்டில்தான்.

அமெரிக்காவிலேயே கைக்கருவி விற்றவர்களும் மாட்டினார்கள். புகையைக் குறைக்கும் பாகங்களை அணைத்து வைக்க அந்தக் கருவிகள் உதவின என்று அங்குள்ள சுற்றுச்சூழல் முகமை வழக்குப் போட்டது. 2020ல் அது வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பத்து வருஷத்தில் ஐந்தரை லட்சம் டீசல் பிக்கப் வண்டிகளில் அந்தப் பாகங்கள் பிடுங்கப்பட்டிருக்கின்றன.

நம் பையனிடம் இதைத்தான் கேட்டேன். நீ அணைத்துக் கொடுப்பதுண்டா? கொஞ்ச நேரம் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான். “கேக்குறவங்களுக்குச் செய்யறதுதான் டீச்சர்.” டீசல் எஞ்சினில் எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி உள்ளே அனுப்பி சூட்டைக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. சூடு குறைந்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும். ஆனால் அந்த வழியெல்லாம் கரி படிந்து அடைக்கும். சுத்தம் பண்ணுவதைவிட ஒரு தகடு வைத்து மூடிவிட்டு, கம்ப்யூட்டரில் அந்தக் கேள்வியையே அழித்துவிடுவது சுலபம். ஓட்டுகிறவனுக்கு லாபம், பின்னால் வருகிறவனுக்கு நஷ்டம். என் வகுப்பில் இன்ஹேலரைப் பையில் வைத்துக்கொண்டு வந்த பிள்ளைகள் இருந்தார்கள். ரோட்டோரப் பள்ளிக்கூடம். அவனும் அந்த வகுப்பறையில் உட்கார்ந்து படித்தவன்தான். இதைச் சொன்னேன். அவன் மறுத்துப் பேசவில்லை. இனிச் செய்யமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பட்டறை வாடகை அவனுக்குத்தான் தெரியும். ஆனாலும் எனக்கு அது உறுத்தலாகவே இருக்கிறது, அவனைப் பற்றி எவ்வளவு பெருமைப்பட்டாலும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அந்த வருஷத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று வந்தது. வெளியில் தெரியாத மாற்றம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்பான் தம்பி மகன். ஒரு விபத்து நடந்து, இன்சூரன்ஸ்காரர் கம்ப்யூட்டரைப் படித்துப் பார்த்தால்? சவாரி ஏற்றுகிற வண்டி. லோன் அவன் பெயரில், ஜாமீன் என் தம்பி பெயரில்.

வாதம் இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது மெக்கானிக் பையன் ஒரு வேலை செய்தான், அதற்காகவே அவனுக்கு நூற்றுக்கு நூறு போடலாம். “டீச்சர், எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிப் பார்த்து அளந்துடுவோம்” என்றான். கருவியைச் சொருகியபடியே கீரனூர் ரோட்டில் ஒரு ஓட்டம். பின்சீட்டில் நானும் இருந்தேன். திரும்பி வந்து திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினான். ஒன்று, கம்ப்யூட்டர் டர்போவிடம் கேட்ட காற்றழுத்தம். இன்னொன்று, உண்மையில் வந்த அழுத்தம். ஓரளவு வேகத்துக்கு மேல் இரண்டும் பிரிந்து போயின. கேட்டது வரவில்லை. பானட்டைத் திறந்து தடவிப் பார்த்தான். டர்போவிலிருந்து வருகிற ரப்பர் குழாய், அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. சும்மா நிற்கும்போது மூடிக்கொள்ளும்; அழுத்தம் ஏறினால் திறந்து கொள்ளும். காற்று அதன் வழியே ஓட, டீசல் மட்டும் வீணாக எரிந்துகொண்டிருந்தது. இழுவையும் போச்சு, மைலேஜும் போச்சு.

இதன்மேல் புது வாய்ப்பாட்டை எழுதியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். டர்போவிடம் இன்னும் அதிகமாகக் கேட்கும், அது இன்னும் வேகமாகச் சுற்றும், ஒருநாள் மலை ரோட்டில் பியரிங் போகும் என்றான். சவாரி ஏற்றியிருக்கும்போது.

குழாய், கிளாம்ப், ஏர் ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய் ஆனது. அந்த வால்வையும் கழற்றிக் கரியைச் சுரண்டி மறுபடி மாட்டச் சொன்னேன், அடைக்கச் சொல்லவில்லை. அதற்குத் தனியாக 900. கூலியை வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தான். மேசை டிராயரில் வைத்துவிட்டு வந்தேன். வண்டியிலிருந்து படித்த பழைய வாய்ப்பாட்டை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, “பத்திரமா வச்சிருங்க டீச்சர், என்னைக்காவது சர்வீஸ்ல யாராவது இதை அழிச்சிட்டா உதவும்” என்றான். பீரோவில் நிலப் பத்திரத்தோடு இருக்கிறது.

அடுத்த வாரமே கொடைக்கானல் சவாரி. ஏசியை நிறுத்தாமல் ஏறியது என்று தம்பி மகன் வழியிலிருந்தே போன் பண்ணினான். ஆனாலும் ஆசை விடவில்லை. “நல்ல வண்டிக்கே ரீமேப் பண்ணினா எப்படி இருக்கும்னு ஒரு தடவை பார்க்கணும் அத்தை.” ஆவணியில் எஃப்.சி. வருகிறது, புகைச் சோதனை உண்டு. லோனும் முடியட்டும், அதுவரை இந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சரி அத்தை என்றான். அவன் சரி என்று சொல்கிற விதம் எனக்கு அவனுடைய நாலு வயதிலிருந்தே தெரியும்.