பச்சைப் பைக்குள் என்ன இருக்குது?

யாழ்ப்பாணத்தில் இப்ப நாய், பூனைச் சாப்பாடு விற்கிற கடைக்குள் போனால் முதலில் கண்ணில் படுகிற நிறம் பச்சை. பையில் ஒரு இலை, ஒரு கரட், ஒரு துண்டு சல்மன், நடுவில் பெரிதாக ‘நச்சுரல்’. பூனை எப்ப கரட் தின்டது என்று ஒருவரும் கேட்பதில்லை. வாங்குவது நாங்கள்தானே, படமும் எங்களுக்காகத்தான் போட்டிருக்கினம்.

எங்கட வாடகை வீட்டில் நாங்கள் நாலு பேர், கறுப்பி என்ற ஊர்நாய், வெள்ளையன் என்ற கடுவன் பூனை. மாசக் காசில் ஒரு பங்கு இவை ரெண்டுக்கும் போகுது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டினபோது இறக்குமதிச் சாப்பாட்டு விலையும் ஏறினது, பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அதனால் எந்தப் பைக்குக் காசு குடுக்கலாம் என்பது எங்களுக்குப் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. பைகளைத் திருப்பிப் பின்பக்கம் வாசிக்கத் தொடங்கினம்.

முதலில் அந்தச் சொல்லை எடுப்பம். அமெரிக்காவில் விலங்குத் தீன்களுக்கு வரையறை எழுதுகிற ஆஃப்கோ என்றொரு அமைப்பு இருக்கிறது. இங்கே வருகிற சில பைகளிலும் அதன் பெயரைக் காணலாம். தாவரம், விலங்கு, நிலத்தில் தோண்டியெடுத்தது ஆகியவற்றிலிருந்து வந்து, செயற்கை இரசாயன முறைக்குள் போகாதது எல்லாம் அதன் கணக்கில் ‘இயற்கை’. அவிக்கலாம், உருக்கலாம், புளிக்க வைக்கலாம், அப்பவும் இயற்கைதான். நல்ல இறைச்சி, போதுமான சத்து என்ற வாக்குறுதி எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கு. பூனைக்கு டோரின் என்ற அமினோ அமிலம் கட்டாயம் வேணும். நாய் பெரும்பாலும் அதைத் தன் உடம்புக்குள்ளேயே செய்துகொள்ளும், பூனையால் போதியளவு செய்ய ஏலாது. அது இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது, சோற்றில் இல்லை. 1987இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் போல் பியோன் என்ற மிருக வைத்தியரும் அவரோடு வேலை செய்தவர்களும், இதயத் தசை பலவீனமாகி இதயம் பெருத்துச் செத்துக்கொண்டிருந்த பூனைகளின் இரத்தத்தில் டோரின் குறைந்திருப்பதைக் கண்டார்கள். அந்தப் பூனைகள் தின்றது குப்பையில் கிடந்ததை இல்லை, கடையில் காசு குடுத்து வாங்கிய சாப்பாட்டை. டோரினைக் குடுத்ததும் பல பூனைகளின் இதயம் தேறினது. பிறகு கம்பனிகள் அதன் அளவைக் கூட்டின. இன்று பைக்குள் சேர்க்கிற டோரின் பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்தது. அதாவது, வெள்ளையனின் இதயத்தைக் காப்பாற்றுகிற பொருள்தான் அந்தப் பச்சைப் பைக்குள் இயற்கை இல்லாத பொருள். அதனால்தான் ஒழுங்கான பைகளில் ‘இயற்கை’ என்பதோடு ‘விற்றமின், கனியுப்பு சேர்க்கப்பட்டது’ என்றும் சின்ன எழுத்தில் இருக்கும். அந்தச் சின்ன எழுத்தைக் கண்டால் பயப்பட வேண்டாம், சந்தோசப்படுங்கள்.

பின்பக்கத்தில் நாங்கள் முதலில் தேடுவது ‘கொம்ப்ளீற்’ என்ற சொல்லை. இதை மட்டும் குடுத்தாலும் போதும் என்பது அதன் பொருள். யாருக்குப் போதும் என்பதும் பக்கத்தில் இருக்க வேணும்: குட்டிக்கா, வளர்ந்ததுக்கா, எல்லா வயதுக்குமா. ‘கொம்ப்ளிமென்றறி’ என்றிருந்தால் அது சாப்பாடு இல்லை, நொறுக்குத்தீனி. பூனைகள் பைத்தியமாகி நக்குகிற அந்தக் குழாய்க் கிறீம் பெரும்பாலும் இந்த வகைதான்.

பெயரிலும் விளையாட்டு இருக்கு. ஆஃப்கோ விதிப்படி ‘கோழியுடன்’ என்று எழுத 3 வீதம் கோழி காணும். ‘கோழி டினர்’ என்றால் 25 வீதம் வேணும். வெறுமனே ‘பூனைக்குக் கோழி’ என்றால் சேர்த்த தண்ணியை விட்டு 95 வீதம். ‘கோழிச் சுவை’ என்றால் சுவை தெரிந்தால் சரி. ஒரே கோழிப் படம்தான் நாலுக்கும்.

பிறகு வீதக்கணக்கு. ஈரச் சாப்பாட்டுப் பக்கற்றில் புரதம் 10 வீதம், காய்ந்த சாப்பாட்டில் 30 வீதம் என்றால் எல்லாரும் காய்ந்ததை எடுப்பினம். ஈரமானதில் 80 வீதம் தண்ணி. மிச்சம் இருக்கிற 20இல் 10 புரதம், அதாவது பாதி. காய்ந்ததில் தண்ணி 10 வீதம் என்றால் மிச்சம் 90இல் 30, மூன்றிலொன்று. ஆனாலும் புரத எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் ஏலாது. புரதத்தை நைதரசனை வைத்துத்தான் அளக்கிறவை. 2007இல் சீனாவிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போன கோதுமைப் புரதத்தில் நைதரசன் கூடிய மெலமைனைக் கலந்து அந்த எண்ணைக் கூட்டிக் காட்டினார்கள். சிறுநீரகம் பழுதாகி நாய்களும் பூனைகளும் செத்தன, கம்பனிகள் கோடிக்கணக்கான பக்கற்றுகளைத் திருப்பி எடுத்தன.

‘தானியம் இல்லாதது’ என்ற விலை கூடின பைகளுக்கு நாங்கள் காசு குடுப்பதில்லை. தானியத்துக்குப் பதிலாகப் பட்டாணி, பருப்பு, கிழங்கு போடுகினம். 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அப்படியான சாப்பாட்டுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கினது. அதுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆனால் தானியம் நாய்க்குக் கூடாது என்பதற்கும் ஆதாரம் வேணுமே? 2013இல் வந்த மரபணு ஆய்வொன்று ஓநாயைவிட நாய்க்கு மாப்பொருளைச் செரிக்கிற மரபணுவின் பிரதிகள் பல மடங்கு கூட என்று காட்டினது. எங்கட ஊர்நாய்கள் சோறு தின்று வளர்ந்தது சும்மா இல்லை.

உண்மையில் இங்கே எங்களுக்குப் பெரிய பிரச்சினை பச்சைப் பை இல்லை, பையே இல்லாததுதான். பெரிய மூட்டையை உடைத்துப் பொலித்தீனில் அரைக்கிலோ, ஒரு கிலோவாகக் கட்டி விற்கினம். லேபல் இல்லை, திகதி இல்லை. எங்கட வெக்கையில் திறந்து கிடந்தால் அதிலிருக்கிற கொழுப்புச் சிக்கு மணக்கத் தொடங்கிவிடும். ஒரு கடையில் “அண்ணை, இது நாயினதோ பூனையினதோ?” என்று கேட்டம்.

“ரெண்டும் தின்னும் தம்பி.”

நாய்ச் சாப்பாட்டிலேயே விட்டால் பூனைக்கு டோரின் மட்டுமில்லை, விற்றமின் ஏயும் சிக்கலாகலாம். கரட்டில் இருக்கிறதை நாங்கள் விற்றமின் ஏ ஆக்குவது மாதிரிப் பூனையால் ஆக்க ஏலாது. (அப்ப அந்தக் கரட் படம்?)

பக்கத்து வீட்டு அன்ரியின்ர கடுவனுக்குப் போன மாரிக்குள் மூத்திரம் அடைபட்டுவிட்டது. மண்ணுக்குள் போய்க் குந்தும், கத்தும், ஒரு சொட்டும் வராது. அன்ரி அழுதபடி ஓடிவர, இரவோடிரவாக ஓட்டோவில் கொண்டு போனம். கடுவனுக்கு இப்படி அடைத்தால் ஓரிரு நாளில் உயிர் போகும். மிருக வைத்தியர் குழாய் போட்டு எடுத்தார். காரணம் பல இருக்கலாம் என்றவர், வீட்டுக்கு விடேக்குள்ள சொன்னது ஒன்றுதான்: “காய்ந்ததை மட்டும் போடாதேங்கோ அம்மா, தண்ணி எப்பிடியாவது உள்ளுக்குப் போக வேணும்.” பூனை இயல்பிலேயே தண்ணி குறைவாகக் குடிக்கிற சீவன்.

இப்ப எங்கட வீட்டு ஒழுங்கு இது. வெள்ளையனுக்கு மூடின பையில் வருகிற, ‘கொம்ப்ளீற்’ என்றிருக்கிற, நடுத்தர விலைப் பூனைச் சாப்பாடு. இலைப் படம் இல்லை. ஒரு நேரம் ஈரப் பக்கற், மற்ற நேரம் காய்ந்ததில் கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணி. கறுப்பி வளர்ந்த நாய், அதுக்கு ஒரு நேரம் பைச் சாப்பாடு, ஒரு நேரம் சோறும் அவித்த சூடை மீனும். உப்பு, வெங்காயம், உள்ளி இல்லை, குழம்பு மிச்சம் ஊத்துறதும் இல்லை. குட்டியாக இருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டம், வீட்டுச் சாப்பாட்டில் கல்சியம் காணாது.

பை மாற்றேக்குள்ள ஒரேயடியாக மாற்றாமல் பழையதோடு புதிதைக் கலந்து ஒரு கிழமை எடுக்கிறம். கறுப்பிக்கு அதெல்லாம் தேவையே இல்லை, பையையும் சேர்த்துத் தின்னும். வெள்ளையன் மூன்றாம் நாள் வரைக்கும் பழைய குறுணியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் பசி வென்றது.