நாரி உளைவு என்று தள்ளிவிடாதீர்கள்

எங்கள் வீடுகளில் பெண்கள் நாரி உளைகிறது என்று சொன்னால் எவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எண்ணெய் பூசு, ஒரு பனடோல் போடு என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கருப்பையை அகற்றிக்கொண்ட பெண் சொன்னாலோ, "வெட்டின உடம்பு, நோகத்தானே செய்யும்" என்ற ஆறுதல் தயாராக இருக்கும்.

2016ஆம் ஆண்டில் என் அக்காவுக்கும் அந்த ஆறுதல்தான் கிடைத்தது. சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பிய ஐந்தாம் நாள், இடப்பக்க விலாவுக்குக் கீழே உளைவு தொடங்கியது. காயம் ஆறியிருந்தது, சிறுநீரும் வழமைபோலப் போனது. சத்திரசிகிச்சை செய்த வைத்தியசாலையில் வாய்வாக இருக்கும் என்று இருமுறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை போய் அதையே சொல்ல அக்கா கூச்சப்பட்டார். பொறுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரத்தில் காய்ச்சலும் நடுக்கமும் வந்தபின், வேறிடத்தில் ஸ்கான் செய்து பார்த்தோம். இடது சிறுநீரகம் நீர் தேங்கி வீங்கியிருந்தது. அதிலிருந்து இறங்கும் சிறுநீர்க்கான் கீழ்ப்பகுதியில் ஒடுங்கிப்போயிருந்தது.

சிறுநீரகத்தையும் சிறுநீர்ப்பையையும் இணைக்கும் இந்தக் கான் ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் நீளமானது. விட்டம் சில மில்லிமீற்றர் மட்டுமே. கருப்பைக் கழுத்திலிருந்து சுமார் 2 சென்ரிமீற்றர் தூரத்தில், கருப்பைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடியின் அடியால் அது செல்கிறது. பாலத்தின் கீழ் ஓடும் தண்ணீர் என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். நாடியைக் கட்டும்போது கான் நூலில் அகப்படலாம். குருதியை நிறுத்தப் பயன்படுத்தும் மின்கருவியின் வெப்பம் படலாம். வெப்பத்தால் நேரும் சேதம் உடனே தெரியாது. நாட்கள், வாரங்கள் சென்று தழும்பு இறுகும்போதே வழி ஒடுங்கும். தேர்ந்த கைகளுக்கும் இது நேர்வதுண்டு.

தொற்று ஏற்பட்டிருந்ததால், முதலில் முதுகுப்புறமாகச் சிறுநீரகத்துக்குள் ஒரு குழாயைச் செலுத்தித் தேங்கிய நீரை வெளியேற்றினார்கள். இரண்டு நாட்களில் காய்ச்சல் தணிந்தது. பிறகு சிறுநீர்ப்பை வழியாக ஸ்ரென்ற் வைக்க முயன்றார்கள். இரு முனைகளும் வளைந்த மெல்லிய குழாய் அது; 1978 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. ஒடுக்கம் சிறிதாக இருந்தால், சில வாரங்கள் அதை வைத்திருப்பதே போதுமானதாகிவிடுவதுண்டு. குறித்த காலத்தில் அதை மறவாமல் எடுத்துவிட வேண்டும். மறந்தால் அதன்மேல் கல் படியும்.

அக்காவுக்குக் கம்பியே உள்ளே நுழையவில்லை. மூன்று மாதங்களின் பின், ஒடுங்கிய பகுதிக்கு மேலே கானை வெட்டிச் சிறுநீர்ப்பையில் புதிதாகப் பொருத்தினார்கள். நீளம் போதாமையால், சிறுநீர்ப்பையை மேலே இழுத்து முதுகெலும்பை அடுத்துள்ள தசையோடு தைத்தார்கள். அதுவும் எட்டாதபோது சிறுநீர்ப்பைச் சுவரின் ஒரு துண்டையே குழாயாகச் சுருட்டி இணைக்கும் முறையும் உண்டு. இத்தாலியரான போவாரி 1894இல் நாய்களில் அதைச் செய்துபார்த்தார்.

அக்காவின் சிறுநீரகம் தப்பியது. ஆனால் முழு வலுவோடு அல்ல. இழந்த பங்கு திரும்பாது என்று நிபுணர் சொன்னார்.

ஒரு பக்கம் அடைபட்டாலும் மற்றச் சிறுநீரகம் வேலை செய்வதால் சிறுநீர் போய்க்கொண்டிருக்கும். கிரியற்றினின் பரிசோதனையும் பெரிய மாற்றத்தைக் காட்டாது போகலாம். மெல்ல மெல்ல ஏற்படும் அடைப்பில் நோவே இராது. சத்தமின்றி ஒரு சிறுநீரகம் செத்துவிடும். அப்படியிருக்க, நோவு என்ற எச்சரிக்கை கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி. அதைக் கேட்க ஆள் வேண்டும்.

கருப்பைச் சத்திரசிகிச்சையின் பின் உங்கள் மனைவியோ தாயோ சகோதரியோ ஒரு பக்க விலா உளைகிறது என்றால், காய்ச்சல் வந்தால், சிறுநீர் யோனி வழியாகக் கசிந்தால் உடனே அழைத்துச் செல்லுங்கள். சிறுநீரகத்தை ஸ்கான் செய்து பாருங்கள் என்று வாய் திறந்து கேளுங்கள். சில நிமிட வேலை, ஊசிகூட இல்லை. இருமுறை திருப்பி அனுப்பினாலும் மூன்றாம் முறை நீங்களும் கூடவே போங்கள்.