பரண் எத்தனை அடி?



உங்களுள் பலர் பரணில் ஏறியிருக்க மாட்டீர்கள். அடுக்களைக்கு மேலே பழைய பாத்திரங்கள் தூசி படிந்து கிடக்குமே, அந்தப் பரணை நான் சொல்லவில்லை. விளைந்த காட்டின் ஓரத்தில் நான்கு கால் நட்டு, குறுக்கே கம்பு பரப்பி, அதன்மேல் பருத்திமாரும் வைக்கோலும் விரித்து, இரவு பகலாகக் காவல் இருக்கக் கட்டுகிறார்களே, அந்தப் பரணைத்தான் சொல்கிறேன். எங்கள் கரிசல் சீமையில் புஞ்சையைக் 'காடு' என்றே சொல்வோம். ஆகவே காடு என்றதும் புலியையும் யானையையும் நினைத்துவிடாதீர்கள்.

சென்ற ஐப்பசியில், இளையரசனேந்தலில் இருக்கும் என் அண்ணன் மகன் தொலைபேசியில் அழைத்தான்.

"சின்னத்தா, மக்காச்சோளத்துல பன்னி எறங்குது. பரண் கட்டப் போறேன். எத்தன அடி ஒசரம் வைக்கலாம்?"

"உன் அத்தாவிடம் கேட்டாயா?"

"கேட்டேன். பேச மாட்டேங்காங்க. நீங்க கணக்கு வாத்தியார்தானே, நீங்க சொல்லுங்க. செல்போன்ல ஒரு படம் பாத்தேன். வெளிநாட்டுக்காரங்க மரத்துல இருபதடியில உக்காந்து வில்லால மான அடிக்காங்க. நாமளும் இருபது வச்சிருவமா?"

கணக்கு வாத்தியாராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் காலம் தள்ளியவன் நான். ஆயினும் இந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல என் நா எழவில்லை. என் அண்ணன் ஏன் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். அவன் மகனுக்குப் பாதிதான் தெரியும். மீதியை இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

1972ஆம் ஆண்டு தை மாதம். இளையரசனேந்தல் அன்று திருநெல்வேலி மாவட்டம், சங்கரன்கோவில் வட்டத்தைச் சேர்ந்த ஊர். (2008இல் வருவாய்க் கணக்கில் கோவில்பட்டி வட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். எங்களுக்கோ இன்றும் வாயில் சங்கரன்கோவில்தான் வருகிறது.) எங்கள் அத்தாவுக்கு ஓடையை ஒட்டி நான்கு ஏக்கர் கரிசல் இருந்தது. வானம் பார்த்த பூமி. ஐப்பசி மழையில் விதைத்த சோளம் தையில் கதிர் முற்றி நிற்கும். பகலில் கிளியும் குருவியும் வரும். இரவில் அவிழ்ந்து வரும் மாடுகளும், கதிரை மட்டும் அறுத்துச் சாக்கில் கட்டிக்கொண்டு போகும் மனிதர்களும் உண்டு. அதனால் இரவுக் காவலும் தேவைப்பட்டது. அண்ணனுக்குப் பதினெட்டு வயது, எனக்குப் பதின்மூன்று.

அத்தா கட்டிய பரணின் தளம் தரையிலிருந்து எட்டடி. அதற்கு அவர் வைத்திருந்த கணக்கு எளியது. பயிர் முழங்கால் உயரம் இருக்கும்போதே பரண் கால் நட்டாக வேண்டும். நிலம் இறுகியபின் குழி தோண்ட முடியாது. ஆகவே, இன்று நிற்கும் பயிரைப் பார்க்கக் கூடாது, தையில் நிற்கப்போகும் பயிரைக் கண்ணுக்குள் கொண்டுவந்து அளக்க வேண்டும். முற்றிய சோளம் எவ்வளவு வளருமோ அவ்வளவே தளத்தின் உயரம். அதன்மேல் உட்கார்ந்தால் கண் கதிருக்கு மேலே நிற்கும். கூடுதலாக ஒரு சாண் வைத்தாலும் அது வீண் என்பார்.

எனக்கு அந்த எட்டடி போதவில்லை. ஏன் தெரியுமா? கிளிக்காகவும் அல்ல, கள்வனுக்காகவும் அல்ல. இன்னும் கொஞ்சம் உயர்ந்தால் இரவில் கோவில்பட்டிப் பக்கத்து விளக்கொளி தெரியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் அப்போது மின்விளக்கு இல்லை. அத்தா உறவினர் திருமணத்துக்காகக் கடையநல்லூர் போயிருந்த மூன்று நாள்களில், நான் அண்ணனை நச்சரித்தேன். அவன் எனக்கு எதையும் மறுத்தவன் அல்லன். நீளமான உடைமரக் கால்களைத் தேடிப் பிடித்துப் பழைய கால்களோடு சேர்த்துப் பனைநாரால் இறுக்கிப் பரணைப் பதின்மூன்று அடிக்கு ஏற்றினான். ஏணிக்கு மேலே நான்கு படி கூடிற்று. அன்றிரவு கிழக்கே அடிவானத்தில் மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. அதைப் பார்த்து நான் குதித்தேன். பரண் ஊஞ்சலாக ஆடிற்று.

அத்தா திரும்பி வந்து அண்ணாந்து பார்த்தார். "காவக்காரனுக்குப் பயிர் தெரிஞ்சாப் போதும். ஊரு எதுக்குத் தெரியணும்?" என்றார். ஆனால் பிரிக்கச் சொல்லவில்லை. அறுவடைக்குப் பத்து நாள்தானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அதற்காக அவர் தம் இறுதிநாள் வரை வருந்தினார் என்பதை என் தாயார் பின்னாளில் சொல்லி அறிந்தேன்.

ஐந்தாம் நாள் வைகறையில், சுப்ஹுத் தொழுகைக்காக அண்ணன் இறங்கினான். பனி பெய்து படிகள் நனைந்திருந்தன. ஒரு கையில் லாந்தர், தோளில் போர்வை, கண்ணில் பாதித் தூக்கம். பழைய எட்டடிப் பரணில் அவன் காலுக்குப் படிகள் மனப்பாடம். புதிதாய்ச் சேர்ந்த நான்கும் அவன் காலுக்குப் பழகவில்லை. தரை வந்துவிட்டது என்று எண்ணிக் காலை எடுத்து வைத்தபோது தரை இன்னும் ஐந்தடிக்குக் கீழே இருந்தது. லாந்தர் உடைந்த ஓசை கேட்டுத்தான் நான் விழித்தேன்.

ஆறு மாதம் படுக்கையில் கிடந்தான். எழுந்தபோது முதுகு நிமிரவில்லை. இன்றும் நிமிரவில்லை. "நீதான் ஏற்றச் சொன்னாய்" என்று இந்த ஐம்பது ஆண்டுகளில் ஒருமுறையேனும் அவன் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இனி மருமக்கள் தலைமுறையின் கேள்விக்கு வருகிறேன். தொலைபேசியை வைத்துவிட்டு, தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்களும் என்னோடு கணக்கிட்டுப் பாருங்கள். மக்காச்சோளம் ஏறத்தாழ ஏழடி வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரிசைக்கு வரிசை இடைவெளி இரண்டடி. தளத்தில் உட்கார்ந்தவன் கண், தளத்துக்கு இரண்டரை அடி மேலே இருக்கும். ஒரு வரிசையின் உச்சியைத் தாண்டி அடுத்த வரிசையின் அடியைப் பார்க்க வேண்டுமானால், பார்வை ஏழுக்கு இரண்டு என்ற செங்குத்தில் இறங்க வேண்டும். ஏழடிப் பரணிலிருந்து இப்படிப் பார்த்தால், நம் காலடியிலிருந்து மூன்றடிக்குள்தான் தரை தெரியும். இருபதடிப் பரணிலிருந்து? ஆறரை அடி. பதின்மூன்று அடி கூடுதலாக ஏறி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், கிடைக்கும் இலாபம் நான்கடிக்கும் குறைவான நிலம். நானே நம்பாமல் இரண்டுமுறை போட்டுப் பார்த்தேன்.

ஆனால் அதே ஏழடிப் பரணை, வரிசைகள் ஓடும் திசைக்கு நேராக, சால்களின் தலைமாட்டில் வைத்தால், எதிரே உள்ள இடைவெளிகளின் நெடுகே பார்வை தடையின்றி ஓடும். மற்ற இடங்களில் பன்றியைக் காண முடியாது; ஆடும் கதிரைக் காணலாம், முறியும் தட்டையைக் கேட்கலாம். அதற்குக் கண் பயிருக்கு மேலே இருந்தால் போதும். அத்தா எழுத்தறியாதவர். அவர் பரண் எப்போதும் சாலின் தலைமாட்டிலேயே இருந்தது என்பது அன்றிரவுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அப்படியானால் அந்த வெளிநாட்டு வில்லாளிகள் அறியாதவர்களா? அல்லர். அவர்களுடைய தேவை வேறு. அமெரிக்காவில் வில்லால் மான் வேட்டையாடுவோர் பெரும்பாலும் பதினைந்து முதல் இருபத்தைந்து அடி உயரத்தில் மரத்தில் இருக்கை மாட்டுகிறார்கள். மானின் பார்வைக்கும் மோப்பத்துக்கும் தப்பி ஒளிந்திருப்பதே அவர்கள் நோக்கம். அவர்களுக்கும் உயரம் கூடக் கூடத் தொல்லை கூடும். மான் மரத்தை நெருங்க நெருங்க அம்பு செங்குத்தாக இறங்கும். இரண்டு நுரையீரலையும் துளைக்க வேண்டிய அம்பு ஒன்றை மட்டும் துளைத்துவிட்டால், காயம்பட்ட விலங்கு ஓடிப்போய் எங்கோ துன்புற்றுச் சாகும். மேலும், குளிர்ந்த இரவில் காற்று தாழ இறங்குகையில் மேலே இருப்பவனின் வாடையும் கூடவே இறங்கும். எத்தனை அடி ஏறினாலும் அதற்குத் தப்ப இயலாது. ஆகவே அவர்களிலும் அனுபவசாலிகள் உயரத்தைவிடக் காற்றின் திசையையே முதலில் பார்க்கிறார்கள்.

நாமோ ஒளிந்திருக்க வேண்டியவர்கள் அல்லர். நம்மைப் பன்றி மோப்பம் பிடிக்க வேண்டும். நம் தகர ஓசையைக் கேட்க வேண்டும். நம் விளக்கைக் கண்டு ஓட வேண்டும். காட்டுப்பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு மிகக் கூர்மை. அதனால்தான் முடிதிருத்தும் கடைகளிலிருந்து மயிரைச் சாக்கில் அள்ளி வந்து வரப்பில் தூவுகிறார்கள், பழைய சேலைகளை வேலியாகக் கட்டுகிறார்கள். வேட்டைக்காரனுக்குப் பகையாகும் வாடை காவல்காரனுக்குத் துணை. அவனுடைய உயரத்தை நாம் கடன் வாங்குவது, கடலில் போகிறவனின் பாய்மரத்தை மாட்டுவண்டியில் நட்டது போலத்தான். அதிலும் எங்கள் வீட்டில் அந்த விலங்கைக் கொன்று ஆவதொன்றுமில்லை, ஓடினால் போதும். ஓடாவிட்டாலும் கொல்ல நமக்கு உரிமை கிடையாது. 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுட அனுமதித்தபோதும், சுடும் பொறுப்பை வனத்துறையினரிடமே வைத்தது. அவுட்டுக்காய் வைப்பதும், வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுவதும் பற்றி நான் விரித்துரைக்கப் போவதில்லை. மின்வேலியில் செத்தவர்களுள் அந்த வேலியைப் போட்டவர்களே பலர் என்பதைச் செய்தித்தாள் படிக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில், தினைப்புனம் காக்கும் பெண்கள் மரத்தின்மேல் கட்டிய இதணத்தில் ஏறிக் கிளி ஓட்டுகிறார்கள். புலியும் அஞ்சும் இதணம் அது. அவர்கள் கையில் இருந்தவை தழல், தட்டை, குளிர் என்னும் ஓசைக் கருவிகள். புலி நடமாடும் மலையில் அந்த உயரம் தேவைதான். எங்கள் கரிசலில் ஏது புலி?

ஆனால் அந்த வில்லாளிகளிடமிருந்து கற்க வேண்டிய இரண்டு உண்டு. ஒன்று, உடம்பைச் சுற்றி வார்ப்பட்டை கட்டி, அதை மரத்தோடு பிணைத்துக்கொள்வது. மற்றொன்று, ஏறும்போதும் இறங்கும்போதும் கையில் எதையும் வைத்துக்கொள்ளாமை. வில்லைத் தரையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு ஏறி, மேலே அமர்ந்தபின் கயிற்றால் இழுத்துக்கொள்கிறார்கள். இறங்குமுன் அதே கயிற்றால் கீழே விடுகிறார்கள். இதைப் படித்தபோது பென்சிலை வைத்துவிட்டேன். ஒரு முழக் கயிறு கூடுதலாக இருந்திருந்தால் அந்த லாந்தர் அண்ணனுக்கு முன்னரே தரைக்கு இறங்கியிருக்கும்.

மறுவாரம் நேரில் போனேன். மக்காச்சோளம் முழங்கால் அளவு நின்றது. அண்ணன் மகன் இருபதடிக்கு இரும்புக் குழாய்கள் வாங்கி வைத்திருந்தான். தாளைக் காட்டிக் கணக்கை விளக்கினேன். அவன் பாதி ஒப்பினான், பாதி ஒப்பவில்லை. "பத்தாவது வச்சுக்குவோமே சின்னத்தா" என்று பேரம் பேசினான்.

அதுவரை வேப்பமரத்தடியில் கட்டிலில் குனிந்திருந்த அண்ணன் வாய் திறந்தான். "ஏழு போடு. நான் ஏறணும்."

இருவரும் திகைத்தோம். எழுபதைக் கடந்தவன், ஊன்றுகோல் இல்லாமல் நடக்க இயலாதவன். ஆனால் அவன் சொன்னபிறகு பேரம் நின்றுவிட்டது. குழாய்களை அறுத்தோம். அண்ணன் கட்டிலிலிருந்தே படிகளின் இடைவெளியைத் தன் முழங்காலால் அளந்து சொன்னான்: பதினான்கு அங்குலம். ஐந்து படி, ஆறாவது எட்டில் தளம். கைப்பிடிக் கம்பி தளத்துக்கு மேலேயும் இரண்டடி நீள வேண்டும், இறங்கத் திரும்பும்போது பிடிக்க. முதற்படிக்கும் கடைசிப் படிக்கும் வெள்ளைச் சாயம். பொருள்களை ஏற்றி இறக்க ஒரு கயிறும் கொக்கியும். பரண் சாலின் தலைமாட்டில், ஓடையைப் பார்த்து.

மார்கழிக் கடைசியில் மீண்டும் போனபோது பயிர் ஏழடியைத் தொட்டிருந்தது. அன்று மாலை அண்ணன் ஊன்றுகோலைக் கீழே சாய்த்தான். மகன் பின்னால் நின்று இடுப்பைத் தாங்க, வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஐந்து படியும் ஏறினான். நான் பின்தொடர்ந்தேன். மகன் கீழேயிருந்து தேநீர்க் குடுவையைக் கொக்கியில் மாட்டினான், நான் இழுத்தேன். கதிர்த் தோகைகள் எங்கள் முழங்காலுக்கு நேரே காற்றில் உராய்ந்துகொண்டிருந்தன. கிழக்கே ஓடையோரம் சீமைக்கருவேல் அடர்ந்து நின்றது. இருட்டும்வரை அண்ணன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு சொன்னான்: "இங்கேருந்து கோயில்பட்டி தெரியலையே, தம்பி."

நான் குடுவையைத் திறந்து அவனுக்குத் தேநீர் ஊற்றினேன்.