வண்டிகள் மோதிக்கொண்டன

தமிழில் விபத்தைச் சொல்வதற்கென்றே தனி இலக்கணம் ஒன்று இருக்கிறது. நம் கையிலிருந்த கண்ணாடி டம்ளர் தானாகவே விழுந்து உடைகிறது. சாவிக்கொத்து தானாகவே தொலைந்து போகிறது. மோட்டார் கார் விஷயத்திலோ கேட்கவே வேண்டாம். மாடு குறுக்கே வருகிறது, கேட் இடித்துவிடுகிறது, பிரேக் பிடிக்க மாட்டேன் என்கிறது. "நான் இடித்துவிட்டேன்" என்று ஒருவர் நடுத்தெருவில் நின்று சொல்ல ஆரம்பித்து, நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். அதையும் அவர் சொல்லி முடிக்கவில்லை.

திருவான்மியூரில் ஒரு சிக்னல். சிவப்பு விளக்கு விழுந்து, வண்டியை நிறுத்திவிட்டு, நடைபாதையில் பூக்காரி முழம் போடுகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (பூக்காரியின் முழத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.) பின்னால் 'டொம்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், பின்பக்கத்து பம்பர் ஒரு மூலையில் பிளந்து தொங்குகிறது. இடித்த வண்டிக்கு நம்பர் பலகை வளைந்ததைத் தவிர வேறு சேதமில்லை. நல்ல வேளையாக யாருக்கும் காயமும் இல்லை.

ஓட்டி வந்தவருக்கு எழுபது வயது இருக்கும். வெள்ளை அரைக்கைச் சட்டை. பையில் மூக்குக்கண்ணாடிக் கூடு. இறங்கிய வேகத்திலேயே என்னிடம் வந்து, "ஸார், நான்தான் கவனிக்காமே..." என்று ஆரம்பித்தார்.

அதற்குள் பக்கத்து ஸீட்டிலிருந்து அவருடைய பிள்ளை பாய்ந்து வந்தார். "அப்பா, நீங்க ஒண்ணும் பேசாதீங்க!" என்று தகப்பனார் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பி, "ஏன் ஸார் திடீர்னு பிரேக் போட்டீங்க?" என்றார்.

நான் நின்று அரை நிமிஷமாயிற்று என்று சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. குரல்கள் உயர்ந்தன. பெரியவர் மட்டும் வாயைத் திறக்காமல், வளைந்த நம்பர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நம் ஊர்த் தெருக்கோர்ட்டுக்கு வாய்தா கிடையாது, உடனே கூடிவிடும். அதன் சட்டமும் சுலபமானது. லாரியும் காரும் மோதினால் லாரி குற்றவாளி. காரும் ஸ்கூட்டரும் மோதினால் கார் குற்றவாளி. இங்கே இரண்டும் ஒரே அளவு வண்டியாகப் போய்விட்டதால் ஜூரிகள் கொஞ்சம் தடுமாறினார்கள். கடைசியில் ஓர் ஆட்டோக்காரர், "பின்னாடி வந்தவர்தான் பார்த்து வரணும். இதுல என்ன கேஸு?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். போலீஸ்காரர் வந்து, "கம்ப்ளெயின்ட் குடுக்கறீங்களா, வண்டியை எடுக்கறீங்களா?" என்று கேட்டார். போன் நம்பரை மாற்றிக்கொண்டு வண்டியை எடுத்தோம்.

ஆட்டோக்காரர் சொன்னதுதான் சட்டமும். முன்னால் போகிற வண்டி திடீரென்று நின்றாலும் இடிக்காத அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் வரவேண்டும் என்று 1989-ஆம் வருஷத்துச் சாலை விதிகள் கூறின. 2017-இல் புது விதிகள் வந்த பிறகும் அது மாறவில்லை. ஆனால் 1989-இல் அந்த விதிக்கு அடுத்த விதியே, தகுந்த காரணம் இல்லாமல் சடக்கென்று பிரேக் போடக்கூடாது என்பது. இரண்டு கட்சிக்கும் ஆளுக்கொரு விதி!

பிள்ளை எதற்காகத் தகப்பனார் வாயை அடைத்தார் என்பது வீட்டுக்கு வந்து என் இன்ஷூரன்ஸ் பாலிஸியைப் பிரித்தபோதுதான் விளங்கிற்று. கம்பெனியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் பாலிஸிதாரர் பொறுப்பை ஒப்புக்கொள்ளக்கூடாது, தருகிறேன் என்று சொல்லக்கூடாது, வாக்குக் கொடுக்கக்கூடாது, பணமும் கொடுக்கக்கூடாது. கார் பாலிஸிகளில் இருக்கும் நிபந்தனை இது.

கம்பெனியின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் நம் நாட்டில் 1946 முதல் கட்டாயம். (முதல் நபர் நீங்கள், இரண்டாவது கம்பெனி, அடிபட்டவருக்கு மூன்றாவது இடந்தான்.) உயிர்ச்சேதம் ஆன இடத்தில் நீங்கள் தாராள மனத்தோடு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு வந்துவிட்டால், லட்சக்கணக்கில் அழ வேண்டியது கம்பெனி. வாஸ்தவம். ஆனால் அந்தப் பெரிய விபத்துக்காகப் போட்ட நிபந்தனை, பம்பர் பிளந்த சின்ன விபத்திலும் வந்து ஒரு கிழவரின் கையைப் பிடித்து இழுக்கிறது. எழுபது வருஷமாக உண்மையைச் சொல்லிப் பழகினவருக்கு, பிள்ளைக்கு முன்னால், 'பேசாதே' என்று உத்தரவு.

சரி, தவறு யாருடையது என்பதில் இன்ஷூரன்ஸுக்கு இவ்வளவு அக்கறை இருக்கிறதே, தவறு செய்யாத எனக்கு என்ன லாபம் என்று பார்த்தேன். அங்கேதான் வேடிக்கை.

அவருடைய கம்பெனியிடம் கேட்பதென்றால் போலீஸில் பதிவு செய்து, மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பம்பருக்காகக் கோர்ட் ஏறுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். என் கம்பெனியிடமே கேட்கலாம். ஒர்க்‌ஷாப்பில் போட்டுக் கொடுத்த கணக்கு 9,000 ரூபாய்: பம்பர் 5,000, பெயிண்டும் கூலியும் 4,000. என்னுடையது சாதாரணப் பாலிஸி. பிளாஸ்டிக் சாமானுக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழித்துவிடுவார்கள். பெயிண்டிலும் கொஞ்சம் போகும். அதற்கு மேல் சின்னக் கார்களுக்கு 1,000 ரூபாய் கட்டாயப் பிடித்தம். கடைசியில் கைக்கு வருவது சுமார் 5,000.

வாங்கினால் என்ன ஆகும்? ஐந்து வருஷம் ஒன்றும் கேட்காமல் இருந்ததற்காக, சொந்தச் சேதத்துக்கான பிரிமியத்தில் எனக்குப் பாதி தள்ளுபடி. அது ஒரே நாளில் பூஜ்யமாகிவிடும். பிறகு 20, 25, 35, 45 என்று படி ஏறி, மறுபடி 50 சதவீதத்தை எட்ட ஐந்து வருஷம். தள்ளுபடிக்கு முன் என் பிரிமியம் 6,000 ரூபாய். இதே பிரிமியம் நீடித்தால் மொத்த நஷ்டம் 7,500. வண்டிக்கு வயதாக ஆகப் பிரிமியம் குறையும் என்று தள்ளிக்கொண்டாலும், வாங்குகிற 5,000-க்குக் கட்டாது. இடித்தவன் நான் இல்லையே என்றால், அதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. தவறு செய்யாததற்கு அல்ல, கேட்காமல் இருந்ததற்குத்தான் அந்தத் தள்ளுபடி!

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். இரண்டு வண்டிகளுக்கும் இன்ஷூரன்ஸ் இருந்தால், 'உன் ஆள் வண்டியை நீ பார், என் ஆள் வண்டியை நான் பார்க்கிறேன்' என்று கம்பெனிகள் தங்களுக்குள் ஒப்பந்தம் வைத்துக்கொள்வது உண்டாம். 'நாக் ஃபார் நாக்' என்று அதற்குப் பெயர். தவறு யாருடையது என்று தெருவில் தொண்டை கிழியக் கத்துகிறோம். அங்கே அந்தக் கேள்வியையே ஒருவரும் கேட்பதில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் அந்தப் பெரியவர் வீடு தேடி வந்தார். பிள்ளைதான் அனுப்பியிருக்கிறார். போலீஸ், கோர்ட் என்று நான் கிளம்பிவிடுவேனோ என்ற பயமாக இருக்கலாம். கவரில் 9,000 ரூபாய். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதி வாங்கி வர வேண்டும். தவறு இன்னாருடையது என்று மட்டும் எழுதக் கூடாது. இதுதான் பிள்ளையின் உத்தரவு.

வாங்கிக்கொண்டேனா என்று கேட்பீர்கள். வாங்கிக்கொண்டேன்.

"இங்கிலீஷிலே எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"தமிழிலேயே எழுதுங்க, ஸார்" என்றார்.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு நாலு வரி ரசீது ஒரு பெரிய காரியமா? 'திருவான்மியூரில் இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டதில் என் வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்காக' என்று ஆரம்பித்து, ஒருவர் மேலும் பழி விழாமல் எழுதிக் கொடுத்தேன். பெரியவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"மோதிக்கொண்டதில்னு போட்டிருக்கீங்களே. உங்க வண்டி நின்னுக்கிட்டுத்தானே இருந்தது?"

பேனாவை வாங்கி அந்த இடத்தை அடித்துவிட்டு, மேலே பொடி எழுத்தில், 'நின்றுகொண்டிருந்த என் வண்டியின் மேல் இவர் தம் வண்டியை மோதியதில்' என்று எழுதினார். பிறகு காகிதத்தை என்னிடம் நீட்டி, திருத்தத்தின் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"உங்கள் பிள்ளை பார்த்தால் கோபித்துக்கொள்ள மாட்டாரா?" என்றேன்.

"அவன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்திலே படிச்சவன், ஸார். தமிழ் பேசுவான்; படிக்க வராது."

காப்பியைக் குடித்துவிட்டுப் புறப்பட்டார். பம்பர் மாற்றியதில் பில் 8,750 ரூபாய் ஆயிற்று. மீதி 250-ஐ அவருடைய போன் நம்பருக்கே அனுப்பி வைத்தேன்.