முற்றுப்பெறாத மதில்

கண்டிக்கு வரும் உல்லாசப் பிரயாணியின் நினைவில் முதலிற் பதிவது வாவிதான். தலதா மாளிகையை வணங்க வந்தவராயினும், எசல பெரஹராவைக் காண வந்தவராயினும், பேராதனைப் பூந்தோட்டத்துக்குச் செல்லும் வழியில் ஓரிரவு தங்குபவராயினும், மாலையானதும் அவருடைய கால்கள் வாவிக்கரைக்கே திரும்புகின்றன. மாளிகையின் பக்கமாக நடக்கத் தொடங்குபவருடன் வெண்ணிற மதிலொன்றும் கூடவே வருகின்றது. முகிற்கூட்டம் போல் மேலும் கீழுமாக நெளிந்து செல்லும் அம்மதிலைச் சிங்களத்தில் 'வலாகுளு பம்ம' என்பர். அதிலுள்ள முக்கோண மாடங்கள் விழாக்காலத்தில் விளக்கேற்றுவதற்கென அமைந்தவை. வாவியை முழுதாகச் சுற்றிவர அம்மதிலால் முடிவதில்லை, இடைவழியில் நின்றுவிடுகின்றது. நிழற்படம் எடுப்பதில் மூழ்கியிருப்போர் இதனைக் கவனிப்பதில்லை.

மதில் நின்றதற்குக் காரணம் ஓர் அரசு நின்றமையே. கண்ணுச்சாமி என்னும் இயற்பெயரையுடைய நாயக்க இளைஞன், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்ற பட்டப்பெயருடன் 1798 இல் கண்டியின் அரியணை ஏறினான். வயல்நிலமாக இருந்த பள்ளத்தில் அணைகட்டி வாவியாக்கும் பணி அவன் ஆணைப்படி 1807 இல் தொடங்கி 1812 இல் நிறைவெய்தியது. 'கிரி முகுத', அதாவது பாற்கடல், என்று அதற்குப் பெயர். மாளிகையின் முகப்பிலுள்ள எண்கோண மண்டபமாகிய பத்திரிப்புவவும் முகில் மதிலும் தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பியின் கைவண்ணம் என்பர். அச்சிற்பி இறுதியில் நீரில் மூழ்கி உயிர் துறந்தான் என்றொரு செவிவழிக் கதையும் உண்டு. பாற்கடலின் அழகை மன்னன் கண்டு களித்தது மூன்று ஆண்டுகளுக்கும் குறைவே. 1815 பெப்ரவரியில் அவன் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டான். மதிற்பணி அரைகுறையாயிற்று.

மண்ணைத் தோண்டிச் சுமந்தவர்கள் யார்? நிலத்தை அனுபவிப்பதற்குக் கைம்மாறாக அரசனுக்கு உழைப்பைச் செலுத்தக் கடமைப்பட்ட குடிமக்கள். இராசகாரியம் எனப்பட்ட அம்முறையில் மறுப்புக்கு இடமில்லை. வேலையை எதிர்த்த நூறு தலைவர்களை வாவியின் அடித்தரையிற் கழுவேற்றினான் மன்னன் என வழிகாட்டிகள் கூறும் கதையைக் கேட்டுப் பயணிகள் சிலிர்ப்பதுண்டு. இக்கதையை அப்படியே ஏற்பதில் எச்சரிக்கை வேண்டும். மன்னனைக் கொடுங்கோலனாகக் காட்டுவதில் ஆங்கிலேயருக்கு ஆதாயம் இருந்தது. எனினும் 1814 இல் எகலப்பொல அதிகாரின் மனைவியும் குழந்தைகளும் கொல்லப்பட்டமை கதையன்று. தமிழ் வழங்கிய அரண்மனையைச் சேர்ந்தவன் என்பதற்காக அவன் கொடுமைகளை மூடிமறைப்பதும், அதே காரணத்துக்காக அவனை அந்நியன் எனத் தூற்றுவதும் வரலாற்றுணர்வுடையோர் செய்யத் தகாதவை. நம்மவரிடையே முதலாவது பிழைதான் அதிகம்.

மாளிகைக்கு அருகில் செதுக்குவேலை நிறைந்த மரத்தூண்களுடன் நிற்கும் மகுல் மடுவவையும் பயணிகள் வியந்து பார்க்கின்றனர். 1815 மார்ச் 2 ஆம் நாள் கண்டி உடன்படிக்கை வாசிக்கப்பட்டது இங்கேதான். மன்னனின் ஆண் உறவினர்கள் அனுமதியின்றிக் கண்டிப் பிரதேசத்துள் நுழையலாகாது என அவ்வுடன்படிக்கை விதித்தது. வாவியை உருவாக்கியவனின் உறவினர், அதன் கரையில் நடக்கும் உரிமையையும் அன்றே இழந்தனர். புதிய ஆட்சியாளர் வாவியின் நடுவிலுள்ள சிறுதீவை வெடிமருந்துக் களஞ்சியமாக்கினர். அரசியர் நீராடிய 'உல்பங்கே'யை வாசிகசாலையாக்கினர்.

மன்னன் மக்களை வருத்தினான் என்று குற்றஞ்சாட்டியோர் பின்னர் செய்தது என்ன? ஆளுநர் எட்வேட் பார்ன்ஸின் காலத்தில் கொழும்பு - கண்டி வீதி அமைக்கப்பட்டபோது அதே இராசகாரியமே பயன்பட்டது. கொழும்பிலிருந்து தரைவழியாக வரும் பயணி கடுகண்ணாவையில் உயர்ந்த கோபுரமொன்றைக் காண்பார். அவ்வீதியை அமைத்த பொறியியலாளரான கப்டன் டோசனின் நினைவாக 1832 இல் எழுப்பப்பட்டது அது. கல் சுமந்தோருக்கு அங்கே கோபுரமில்லை. இராசகாரியம் ஒழிக்கப்பட்டதும் அதே 1832 இல். வேலூரிற் சிறைவைக்கப்பட்டிருந்த மன்னன் இறந்ததும் அவ்வாண்டின் ஜனவரியிலேயே.

1988 இல் கண்டி நகரை யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 1998 ஜனவரியில் நிகழ்ந்த குண்டுத்தாக்குதலில் உயிர்கள் பலியாயின; தலதா மாளிகையின் முகப்பும் சிதைந்தது. முகப்பைப் பின்னர் கைவினைஞர்கள் திருத்தியமைத்தனர். இன்று வருவோர் வடுவைத் தேடியே காணவேண்டும். மதிலை மட்டும் எவரும் வாவியைச் சுற்றிக் கட்டி முடிக்கவில்லை. மாலைவேளையில், பள்ளிச் சிறுவர் மீன்களுக்குப் பொரி வீசுகின்றனர். குடையொன்றின் கீழ் இளஞ்சோடியொன்று நெருங்கி அமர்ந்திருக்கின்றது. நிழற்படக் கருவியுடன் வந்தவர், மதில் முடியும் இடம் படத்தில் விழாதவாறு ஓரடி விலகி நிற்கின்றார்.